விழுந்தபின் முழங்கால்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். ஆனால் நம்மவர் கால் இடறுவதற்கு ஏற்ற நாள்களும் இவையே. அபிஷேகம் முடிந்த கருங்கல் தளத்தில் நீரும் பாலும் படிந்திருக்கும். பொன்னூர் மலையிலும் திருமலையிலும் படியேறும்போது மூச்சுத்தான் வாங்கும். முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போது வருகிறது. உடலின் எடையை ஒவ்வொரு படியிலும் தாங்கி நிறுத்துவது தொடையின் முன்தசை. அது களைத்துவிட்டால் கால் மடங்கிவிடும். உபவாசம் இருந்தவர் சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும்.

விழுந்தவர் முதலில் செய்வது, 'ஒன்றுமில்லை' என்று சொல்லி எழுந்து நிற்க முயல்வது. சுற்றியிருப்போர் முதலில் செய்வது, காலைப் பிடித்து நீவிவிடுவது. இரண்டும் வேண்டா. அவரைச் சற்று நேரம் அப்படியே இருக்கவிடுங்கள். மணி என்ன என்று பாருங்கள்.

மணியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடிபட்ட முழங்கால் எப்போது வீங்கியது என்பது, உள்ளே என்ன நேர்ந்தது என்பதற்கு நல்ல அடையாளம். இரண்டு மணி நேரத்திற்குள் மூட்டு பந்துபோல் உப்பினால், பெரும்பாலும் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். எலும்பு முறிந்திருக்கலாம், மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் தசைநார் அறுந்திருக்கலாம், முட்டிச்சில்லு இடம் பெயர்ந்து மீண்டிருக்கலாம். விழும்போது 'பட்' என்று ஓர் ஓசை கேட்டதாக அவர் சொன்னால், தசைநார் அறுந்ததோ என்ற ஐயம் வலுக்கும். மாறாக, மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் அது மூட்டின் இடையே உள்ள குருத்தெலும்புத் தட்டின் கிழிசலாகவோ, வெறும் சுளுக்காகவோ இருக்கக்கூடும். மருத்துவரிடம் 'நேற்று விழுந்தார்' என்று மட்டும் சொல்லாமல், 'பத்து மணிக்கு விழுந்தார், பதினொன்றுக்கு வீங்கிவிட்டது' என்று சொன்னால் பாதி நோய் விளங்கிவிடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவராயின் அதையும் தவறாமல் சொல்லுங்கள். சிறு அடிக்கும் அவர்களுக்கு மூட்டினுள் மிகுதியாக இரத்தம் கசியும்.

அடுத்து, எக்ஸ்ரே வேண்டுமா என்ற கேள்வி. கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் இதற்கென 1990களில் வகுத்த எளிய விதிகள் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றன. வயது 55 அல்லது அதற்கு மேல். முட்டிச்சில்லை அழுத்தினால் வலி. முழங்காலின் வெளிப்புறம் சற்றுக் கீழே துருத்தியுள்ள எலும்பு முனையில் வலி. காலைச் செங்கோணம் அளவுக்கு மடக்க இயலாமை. விழுந்தவுடனும் பிறகு மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாமை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதல் விதியைக் கவனியுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் முழங்காலில் அடிபட்டால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிடினும் படம் எடுத்துப் பார்ப்பதே முறை.

இன்னொன்றையும் பாருங்கள். மல்லாந்து படுத்த நிலையில், முழங்காலை மடக்காமல் காலை நேராகத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கவே இயலவில்லை என்றால் முட்டிச்சில்லு முறிந்து விலகியிருக்கலாம், அல்லது அதன் மேலோ கீழோ உள்ள நாண் அறுந்திருக்கலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் நாண் சுருங்கி, சேர்த்துத் தைப்பது கடினமாகிவிடும்.

முதியோரிடம் ஓர் ஏமாற்று உண்டு. அவர் முழங்காலைத் தொட்டு வலிக்கிறது என்பார். முறிந்திருப்பதோ இடுப்பு எலும்பாக இருக்கும். இடுப்பு மூட்டின் வலி தொடை வழியாக இறங்கி முழங்காலில் உணரப்படுவது உண்டு. அடிபட்ட கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால், நடக்கவைக்காமல் 108 ஊர்தியை அழையுங்கள். முழங்கால் கோணலாகக் கிடந்தாலும், பாதம் குளிர்ந்து வெளுத்தாலும் அவ்வாறே. முழங்காலின் பின்புறம் ஓடும் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால், சில மணி நேரத் தாமதமே காலை இழக்கச் செய்துவிடும்.

அத்தகைய ஆபத்து இல்லையெனில், காலை நீட்டித் தலையணைமேல் இருதயத்தைவிட உயரமாக வையுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கொருமுறை வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். முதல் மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் தைலம் தேய்த்து நீவுவதும் ஆகா. இரண்டும் கசிவைப் பெருக்கும். எலும்பு கட்டுவோரிடம் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. படம் எடுக்காமல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியதால் விரல்கள் கறுத்துப்போன நிலையில் வருவோரை மருத்துவர்கள் இன்றும் காண்கிறோம். அக்கட்டுகள் சிலவற்றில் முட்டையின் வெண்கரு பூசப்படுவதையும் நம்மவர் அறிந்திருப்பது நல்லது.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவற்றை வெறும் வயிற்றில் உண்டால் இரைப்பையில் புண் உண்டாகலாம். நீரும் அருந்தாத உபவாச நாளில் உண்டால் சிறுநீரகத்திற்கும் கேடு. சூரியன் மறைந்தபின் உண்ணாத வழக்கம் உடையவர்கள் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால், பகலிலேயே மருந்து முடியும்படி பெரும்பாலும் அவரால் வகுத்துத் தர இயலும். மூட்டுக்கு வலுவூட்டும் என்று விற்கப்படும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. அடிபட்ட மூட்டை அது ஆற்றும் என்பதற்குத் தக்க சான்றும் இல்லை. ஆகவே அதைத் தவிர்ப்பதால் எந்த இழப்பும் இல்லை.

அறுவை என்றதும் அஞ்ச வேண்டா. முழங்காலின் உட்பக்கத் தசைநார் கிழிந்தால் பெரும்பாலும் பட்டை அணிந்தே சில வாரங்களில் ஆறிவிடும். முட்டிச்சில்லில் விலகாத கீறல் என்றால் காலை நேராக வைத்து நான்கு முதல் ஆறு வாரம் கட்டுவது போதும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதபோதும் பத்து நாள்களுக்குப் பின் கால் நழுவுவதுபோல் தோன்றினாலோ, பாதியில் பூட்டிக்கொண்டு நிமிராமல் நின்றாலோ மீண்டும் செல்லுங்கள், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் அன்றே செல்லுங்கள். அது இரத்தக் கட்டியின் அறிகுறி. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தவருக்கு எலும்புத் தேய்வுப் பரிசோதனையும் வேண்டும்.

பெரியோர்கள் பலர் விழுந்ததை வீட்டில் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குத் தொல்லை, இனி மலைக்கு அழைத்துச் செல்லமாட்டார்கள் என்ற அச்சம். இளையவர்களுக்கு ஒரு சொல்: 'ஏன் தனியாகப் போனீர்கள்?' என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்தால் அடுத்த முறை மறைப்பார்.

எலும்பு சேர்ந்தபின், மருத்துவர் இசைந்தால், மீண்டும் மலையேறலாம். அதுவரை நாள்தோறும் காலை நீட்டி அமர்ந்து, முழங்காலைத் தரையில் அழுத்தித் தொடைத்தசையை ஐந்து நொடி இறுக்கித் தளர்த்துங்கள். பத்து முறை, மூன்று வேளை. ஊன்றுகோலை அடிபட்ட காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.