ஐந்தாண்டுக் கேள்வி, மூன்றாண்டுப் படிப்பு



எம்.டி., எம்.எஸ். படிப்பில் ஆய்வேடு கட்டாயம். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே சமர்ப்பித்து, அது ஏற்கப்பட்டால்தான் தேர்வெழுத முடியும். இதை அடியோடு எடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று நடக்கிறபடியே நடக்கட்டும் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படிப்பு 36 மாதம். தலைப்பு தேடி, ஆய்வுத் திட்டம் எழுதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குவதற்குள் முதல் அரையாண்டு போய்விடும். மாவட்ட மருத்துவமனைப் பணிக்கு 3 மாதம். புள்ளியியல், எழுத்து, பைண்டிங் என்று இன்னொரு 3 மாதம். கடைசி ஆறு மாதம் கணக்கிலேயே வராது. மிஞ்சுவது சுமார் 18 மாதம். அதுவும் வார்டுக்கும் காஷுவாலிட்டிக்கும் நடுவே. ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு தொடர்ந்து பார்க்கும் ஆய்வு இதற்குள் அடங்குமா? அதனால்தான் நோயாளியை ஒரே ஒருமுறை பார்த்து, ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, நோய்க்கும் பரிசோதனை முடிவுக்கும் தொடர்பு தேடும் ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் குவிகின்றன. பழைய தலைப்பு, ஊர்ப் பெயர் மட்டும் புதிது. எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற எண்களை மாதிரி அளவுச் சூத்திரத்தில் போடுகிறோம். தரவுகளைத் தொகுக்கும் மாஸ்டர் சார்ட்டின் காலிக் கட்டங்கள் கடைசி வாரத்தில் எப்படி நிரம்புகின்றன என்பது இந்த அவைக்குத் தெரியாததல்ல. பழியை மாணவர் தலையில் போடுவது சுலபம். நேரத்தை அப்படி வகுத்தவர்கள் நாம்தான்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வை நினைத்துக்கொள்கிறேன். மருத்துவமனைகளில் படுக்கை போதவில்லை. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? இவ்வளவுதான் கேள்வி. ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை அளித்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்ற முடிவு 1959-இல் வெளிவந்தது. அதோடு விடவில்லை. கூடவே இருந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதா என்று ஐந்தாண்டு பார்த்தார்கள். அதை நடத்தியது முழுநேர ஆய்வு மையம், நம்மால் ஆகுமா என்பீர்கள். தனி ஒரு மாணவரால் ஆகாது. ஒரு துறையால் ஆகும்.

என் யோசனை இதுதான்: கேள்வி துறையுடையதாக இருக்கட்டும். நீரிழிவுப் புண்ணால் கால்விரல் எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் ஐந்தாண்டுக்குள் அதே காலையும் இழக்கிறார்கள்? எந்த அறுவைசிகிச்சை வார்டிலும் எழக்கூடிய கேள்வி. ஒரு பேட்ச் நோயாளிகளைப் பதிந்து தொடக்க நிலையை எழுதட்டும். அடுத்த பேட்ச் அவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கட்டும். மூன்றாவது பேட்ச் முடிவைக் கணக்கிடட்டும். ஒவ்வொருவருக்கும் தனி ஆய்வேடு, எல்லோருக்கும் ஒரே பதிவேடு. வழிகாட்டிக்கு மாறுதல் உத்தரவு வந்த மறுநாளே ஆய்வு அநாதையாகும் நிலையும் அப்போது குறையும். அரசுக் கல்லூரிகளில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் இல்லாமலில்லை. மூன்றில் ஒரு பங்கு வேலையைத் தேர்வாளர் முழு ஆய்வேடாக ஏற்பாரா? தரவு யாருக்குச் சொந்தம்? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? முற்பகல் அமர்வு இவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. அமர்வுத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள்: மாணவர்கள் முதலில் பேசட்டும், வழிகாட்டிகள் பிறகு பேசலாம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.