யந்திரம் யார் கையில்?

(திருக்காட்டுப்பள்ளியில் விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சண்டை விமானத்தின் எஞ்சினைப் பற்றி நடவாட்களிடம் பேச என்ன இருக்கிறது என்று வழியில் ஒரு தோழர் நம்மைக் கேட்டார். வயலில் ஆயில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பியவர்களுக்கும், மில்லில் யந்திரத்தோடு மாரடிக்கிறவர்களுக்கும் புரியாத சங்கதி இதில் ஒன்றுமில்லை.

ஹிட்லரின் சண்டை விமானங்களில் முக்கியமானவை இரண்டு. மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்பதில் டைம்லர்-பென்ஸ் கம்பெனி எஞ்சின். அதில் 12 சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். தண்ணீர் சுற்றிச் சூட்டைத் தணிக்கும். நமது டீசல் எஞ்சினைப் போலவே எண்ணெயை நேராக சிலிண்டருக்குள் பீச்சுகிற பம்ப் உண்டு. 1940-ல் பிரிட்டிஷ் விமானம் திடீரென்று மூக்கைக் கவிழ்த்தால், கார்புரேட்டரில் எண்ணெய் தடைப்பட்டு எஞ்சின் திணறும்; ஜெர்மன் எஞ்சின் திணறாது. ஆனால் ரேடியேட்டரில் ஒரே ஒரு குண்டு பட்டால் போதும். தண்ணீர் ஒழுகி, சில நிமிஷங்களில் எஞ்சின் இறுகிவிடும்.

மற்றொன்று ஃபோக்கே-வுல்ஃப் 190. வடிவமைத்தவர் குர்ட் டாங்க். இதன் பி.எம்.டபிள்யூ. 801 எஞ்சினில் ஏழேழாக இரண்டு வட்டம், 14 சிலிண்டர்கள். சுமார் 1,700 குதிரை சக்தி. தண்ணீரே கிடையாது, காற்றுதான் குளிர்விக்கும். அடிபட்டாலும் ஊர் வந்து சேரும். ஆனால் ஆரம்பத்தில் பின்வரிசை சிலிண்டர்கள் கொதித்தன. மிக உயரத்தில் மூச்சும் வாங்கிற்று. காற்றால் குளிரும் 14 சிலிண்டர் எஞ்சினை சோவியத் தொழிலாளர்களும் செய்தார்கள். அதைப் பூட்டிய லா-5 விமானம் 1942-ல் களத்துக்கு வந்து, இதே ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நின்றது.

கடைசியில் வந்தது ஜங்கர்ஸ் 004 ஜெட் எஞ்சின். ஜெட்டின் உள்ளே நெருப்பில் சுழலும் இலைகளுக்குச் சூடு தாங்கும் உலோகம் வேண்டும். நிக்கலுக்கு ஜெர்மனியில் பஞ்சம். சாதாரண எஃகுக்கு அலுமினியம் பூசிச் சமாளித்தார்கள். பலன், 10 முதல் 25 மணி நேர ஓட்டத்தில் எஞ்சின் தீர்ந்துபோகும்.

இவற்றைச் செய்த கைகள் யாருடையவை? அல்லாக் என்ற ஊரில் பி.எம்.டபிள்யூ. ஆலைக்கு டாக்காவ் வதைமுகாமின் கைதிகள். கென்ஸ்ஹாகனில் டைம்லர்-பென்ஸுக்கு ராவன்ஸ்புருக் முகாமிலிருந்து கொண்டுவந்த பெண்கள். ஜெட் எஞ்சினுக்கு நார்டுஹவுசன் மலைச் சுரங்கத்தில் டோரா முகாம் கைதிகள். கூலியும் இல்லை, கஞ்சியும் போதாது. ஜெர்மன் முதலாளியின் கெட்டிக்காரத்தனத்தைப் புகழுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே குர்ட் டாங்க் அர்ஜென்டினா போய், பிறகு 1956-ல் பெங்களூர் இந்துஸ்தான் விமான ஆலைக்கு வந்தார். அவர் தலைமையில் நமது எஞ்சினீயர்களும் தொழிலாளர்களும் உருவாக்கிய 'மாருத்' 1961 ஜூன் 17-ல் பறந்தது. உடல் நேர்த்தியான உடல். ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் என்பது திட்டம். எஞ்சின்தான் வரவில்லை!

பிரிட்டிஷ் கம்பெனியின் ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினை நம்பியிருந்தார்கள். எட்டாயிரம் ராத்தலுக்கு மேல் உந்து சக்தி தரவேண்டியது அது. வளர்ச்சிச் செலவுக்கு இந்தியா பணம் கட்ட வேண்டும் என்றார்கள். நமது சர்க்கார் இசையவில்லை, எஞ்சினும் கைவிடப்பட்டது. நெல் விதைக்கும் நேரத்தில் விதைக்கோட்டைக்குக் கணக்குப் பார்த்த கதை என்றே நாம் சொல்லுவோம். 4,850 ராத்தல் தரும் பழைய ஆர்ஃபியஸ் இரண்டைப் பூட்டினார்கள். வேகம் ஒலியின் அளவை எட்டவே முக்கிற்று.

சோவியத் எஞ்சின் ஒன்றையும் பரிசீலித்தார்கள், அதுவும் ஏற்கப்படவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. எகிப்தில் ஆஸ்திரிய எஞ்சினீயர் பிராண்ட்னர் செய்த எஞ்சினை மாருத்தில் வைத்துச் சோதித்தார்கள். யுத்தத்தில் ஜங்கர்ஸில் இருந்தவர். பின்னர் சோவியத் நாட்டில் எஞ்சின் வேலை செய்தவர். 1969-ல் எகிப்து அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. பெங்களூரிலேயே சக்தியைக் கூட்டிய எஞ்சினோடு மாருத்தை ஓட்டிய சோதனை விமானி சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் விபத்தில் மாண்டார். மொத்தம் 147 மாருத்துகள் கட்டினார்கள். 1971 யுத்தத்தில் நன்றாகவே உழைத்தன. 1990-ல் ஓய்வு.

தோழர்களே, பிறகு 1989-ல் சொந்த ஜெட் எஞ்சினுக்கு சர்க்கார் அனுமதி கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? காவேரி! எதிர்பார்த்த உந்து சக்தி கிடைக்கவில்லை, எடையும் கூடிற்று. சூடு தாங்கும் அந்த இலைகள்தான் இங்கும் பெரிய இடைஞ்சல். 2008-ல் தேஜஸ் விமானத்திலிருந்து காவேரியைக் கழற்றிவிட்டார்கள். 2001-ல் முதன்முதலாகப் பறந்த நாளிலிருந்து தேஜஸை இழுப்பது அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் எஞ்சின். அமெரிக்கா 1998-ல் அணுகுண்டுச் சோதனையைக் காட்டித் தடை போட்டதும் இதே வேலையில் பட்டதுதான்.

பின்னால் பம்ப்செட் பழுதுபார்க்கும் தோழர் ஒருவர் கையைத் தூக்குகிறார். அவர் கேள்வியிலிருந்தே ஆரம்பிப்போம்.