குழுவில் தன்னறிதல்: திருத்தணி வட்டாரம் காட்டும் சான்றுகள்

தன்னறிதல் என்றால் தனியே அமர்ந்து மனத்தை ஆராய்வது என்றே பலரும் கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் குரல் எப்போது உயர்ந்தது, முகம் எப்போது சுருங்கியது என்பது எதிரில் இருப்பவருக்கே முதலில் தெரிகிறது. 1946-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உளவியலாளர் கர்ட் லூவின் நடத்திய பயிலரங்கில் இது தற்செயலாக வெளிப்பட்டது. பகலில் நடந்த விவாதங்களை ஆய்வாளர்கள் இரவில் கூடி அலசுவார்கள். ஓர் இரவு, பயிற்சிக்கு வந்தவர்களில் மூவரும் உடன் அமர்ந்தனர். தம் நடத்தை பற்றிய குறிப்பைக் கேட்ட பெண் ஒருவர் குறுக்கிட்டு, நடந்தது அப்படியல்ல என்றார். லூவின் அவரைத் தடுக்கவில்லை. அடுத்த இரவுகளில் கேட்க வந்தவர்கள் பெருகினர்.

உணர்ச்சி நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் உளவியலாளர்கள் சலோவியும் மேயரும் வரையறுத்தனர். 1995-இல் வெளிவந்த கோல்மனின் நூல் அதை அலுவலகங்கள்வரை கொண்டுசென்றது. அந்தப் பரபரப்பில் எல்லாம் தனிமனிதத் திறமையாகவே பேசப்பட்டது. நிதானமானவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் குழுவும் நிதானமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. குழுவுக்கென்று வழக்கங்கள் வேண்டும் என 2001-இல் ஆய்வாளர்கள் டிரஸ்காட்டும் வுல்ஃபும் எழுதியது அதனாலேயே முக்கியமானது. திருக்குறளிலும் தனிமனிதர் சினம் காப்பதைச் சொல்லும் வெகுளாமை துறவறவியலிலும், கூட்டத்தின் இயல்பை அறிவதைச் சொல்லும் அவையறிதல் அமைச்சியலிலும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. கூட்டங்களில் பேசவேண்டியவர் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

குழுவின் சினம் எப்படி நெறிப்படும் என்பதற்குத் திருத்தணி நல்ல சான்று. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அங்கே போயிற்று. இப்பகுதி தமிழகத்தோடு இருக்கவேண்டும் என்று ம.பொ.சி., தமிழறிஞர் மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னரே தொடங்கியிருந்தனர். மறியலும் சிறையும் தொடர்ந்தன. இறுதியில் எல்லைத் தகராறைத் தீர்க்கப் படாஸ்கர் என்பவர் நடுவராக வந்தார். கிராமமே அலகு, அங்குப் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, நிலம் தொடர்ச்சியாக உள்ளதா என்பவை அளவுகோல்களாயின. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. இரு தரப்பும் முழு நிறைவு அடையவில்லை. ஆனால் ‘நம் மண்’ என்ற முழக்கம், இந்தக் கிராமத்தில் யார் எத்தனை பேர் என்ற கேள்வியாக மாறியது. முழக்கத்தோடு வாதாட முடியாது; கணக்கோடு வாதாடலாம்.

சினத்தையும் வேகத்தையும் நெறிப்படுத்தும் இத்தகைய ஏற்பாடுகள் திருத்தணிக் கோயில் வழக்கிலும் உண்டு. சூரனோடு போரிட்ட முருகனின் சினம் ஆறிய தலம் என்பதால் கந்தசஷ்டியில் இங்குச் சூரசம்ஹாரம் கிடையாது. மலர் தூவும் புஷ்பாஞ்சலிதான். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிய படித் திருவிழாவில், டிசம்பர் 31 அன்று பஜனைக் குழுக்கள் 365 படிகளிலும் நின்று நின்று திருப்புகழ் பாடி ஏறுகின்றன. வேகமாக ஏற வல்லவரும் அந்தப் படியின் பாட்டு முடியும்வரை காத்திருக்கிறார். நல்ல குரல் உள்ளவரும் பக்கத்துக் குரலைக் கேட்டே தம் குரலை ஏற்றி இறக்கவேண்டும். ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்நாட்டுக் காவடிகளும் ஆந்திரக் காவடிகளும் ஒரே மலைக்கு வருகின்றன. இத்தனை பேர் நெருங்கும் இடத்தில் ஒவ்வொருவரின் பொறுமையை நம்பி விழா நடப்பதில்லை. வரிசையும் முறையும்தான் அதை நடத்துகின்றன.