மேடையில் பிள்ளை பாடுகிற பாட்டு

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)

ஞாயித்துக்கிழமையும் அதுவுமாக விறகு வேலை, துணி வேலை எல்லாத்தையும் விட்டுப்போட்டு வந்திருக்கிறீங்க. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம். அதை ஒட்டி நவராத்திரிக் கலைவிழாவும் வரும். இப்போதே லயத்துக்கு லயம் போனில் பாட்டுப் போட்டுப் பிள்ளைகள் ஆடிப் பழகுதுகள். நல்ல விஷயம்தான். ஆனால் என்ன பாட்டு என்று யாராவது பார்த்தோமா?

நான் செய்த ஒரு தவறைச் சொல்லுகிறேன். பல வருஷத்துக்கு முந்தி ஒரு தோட்டத்தில் கலைவிழா நடத்தினோம். எட்டு வயசுப் பொடியன் ஒருத்தன், நல்ல கெட்டிக்காரன். அவனுக்கு ஒரு குடிகாரன் பாட்டைத் தெரிவு செய்து கொடுத்தது நான்தான். தலையில் துண்டு, கையில் வெறும் போத்தல். தள்ளாடித் தள்ளாடி ஆடினான் பாருங்க, சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்கும் பெருமை. முன் வரிசையில் அவனுடைய அம்மா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தாங்க. வெட்கப்படுறாங்க என்றுதான் நினைச்சேன். அடுத்த கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவனைத் தகப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டுதுகள். அதுக்குப் பிறகு அவன் மேடைப் பக்கமே வரவில்லை. அந்தத் தள்ளாட்டத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே பார்த்துப் பழகினான் என்று அன்றைக்கு யோசிக்காமல் போனேன்.

அந்தப் பாட்டில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. அதைத்தான் கவனிக்க வேணும். கெட்ட வார்த்தை இருக்கா என்று மட்டும் தேடினால் போதாது. இந்தச் சொல் யாருடைய வாயில் வருகிறது, யார் கேட்கப் போறாங்க என்றும் பார்க்க வேணும்.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். ஒன்பது வயசு மகள், காதலனைப் பார்த்துப் பெரிய பொம்பிளை பாடுகிற பாட்டைப் பாடுகிறாள். "அதுக்கு என்ன தெரியும், அர்த்தம் புரியவா போகுது?" என்று சொல்லுவீங்க. அவளுக்குப் புரியாதுதான். கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்குப் புரியுமே! மறுநாள் தேயிலை மலைக் குறுக்குப் பாதையால் பள்ளிக்கூடம் போகும்போது அதே வரியை எவனாவது பாடிக் காட்டினால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? வீட்டிலே வந்து சொல்லுமா? பாட்டுப் படிச்சது தன்னுடைய பிழை என்று நினைச்சு வாயை மூடிக்கொள்ளும்.

அப்படியென்றால் எப்படிப் பார்ப்பது? நான் செய்வது இதுதான். பாட்டை முழுக்க ஒரு கொப்பியில் எழுதுவேன். ராகம், மேளம் ஒன்றும் இல்லாமல் பேச்சு மாதிரி வாசிப்பேன். மெட்டு இருக்கும்போது காதில் படாதது அப்போது படும். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, "இதில் யார் யாரோடு பேசுறாங்க, என்ன சொல்றாங்க, நீ சொல்லு பார்ப்போம்" என்று கேட்பேன். பிள்ளை தன்னுடைய வாயால் சொல்லக் கூசுகிற பாட்டு அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். கடைசியில், "உனக்கு விருப்பமா?" என்றும் கேட்க வேணும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்திலேயே, பிள்ளையைப் பற்றிய காரியத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேணும் என்று இருக்கு.

எழுத்து வாசிக்கத் தெரியாது என்று யாரும் பின்னுக்கு நிற்க வேண்டாம். மூத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. காது போதும்.

சில பெரியவங்க, "சினிமாவே வேண்டாம், நம்ம பழைய பாட்டே போதும்" என்பாங்க. அதையும் அப்படியே ஏற்க மாட்டேன். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் நம்ம மலைநாட்டுப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து வைத்தார்கள். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர் அவர். பெரிய தொண்டு. ஆனால் பழைய நாட்டார் பாட்டு என்றால் தாலாட்டு மட்டுமா? வாலிபர் கேலியும் இருக்கு, சாதிப் பேரைச் சொல்லி ஏளனம் பண்ணுகிற வரியும் இருக்கு. பழசு என்பதற்காக அதைப் பிள்ளை வாயில் வைக்க முடியாது.

அதே நேரம் சோகப் பாட்டு என்றால் வேண்டாம் என்று சொல்லுகிறவன் நான் இல்லை. நம்ம பாட்டன் பூட்டன் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தாங்க. 200 வருஷ நினைவாக 2023இல் அதே வழியில் திரும்பவும் நடந்தாங்களே! அந்தக் கதையைப் பாடினால் பிள்ளை அழும். அழட்டும். ஆனால் முதலில் கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிறகு பாட்டைக் கொடுங்க. சின்னப் பிள்ளைகளுக்கு என்றே எழுதினதும் நிறைய இருக்கு. பாரதியாரின் பாப்பாப் பாட்டு, நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடினது, அழ. வள்ளியப்பா எழுதினது.

சினிமா மெட்டிலேயே வேறு சொல் போட்டுப் பாடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கோயில் பஜனையில் செய்கிறதுதானே. செய்யலாம். ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஆபாசப் பாட்டின் மெட்டு வேண்டாம். பிள்ளை புதுச் சொல்லைப் பாடும், சனத்தின் காதில் பழைய சொல்தான் கேட்கும்.

பின்னால் இருக்கிற ஒரு அம்மா, "மகள் பாதி பழகிட்டா சேர், உடுப்பும் தைச்சாச்சு, இப்ப என்ன செய்ய?" என்று கேட்கிறாங்க. உடுப்பு வீணாகாது, ஆட்டமும் வீணாகாது. பிள்ளையை ஏசாதீங்க, பாட்டைத் தெரிவு செய்தது நாம. "உனக்கு இன்னும் நல்லா ஒன்று பார்ப்போம்" என்று சொல்லுங்க. வருகிற ஞாயிறு கொப்பியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வாங்க, மூன்று பேரும் இருந்து பார்ப்போம்.