பழைய சோலார் தகடும் தொழிலாளியின் பங்கும்

வயலில் பம்புசெட்டை ஓட்டும் சோலார் தகட்டையும், ஆலைக் கூரைமேல் வரிசையாகப் பதித்த தகடுகளையும் நாம் பார்க்கிறோம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் மின்நிலையம் எழுந்தது. அங்கு மட்டும் சுமார் 25 லட்சம் தகடுகள். தகட்டின் ஆயுள் சுமார் 25 முதல் 30 ஆண்டுகள். அதன்பின் அது எங்கே போகும்?

20 கிலோ எடையுள்ள தகட்டில் சுமார் 15 கிலோ கண்ணாடி. சுற்றுச் சட்டம் அலுமினியம். செம்புக் கம்பியும் சிறிதளவு வெள்ளியும் உண்டு. வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கான் ஒரு கிலோகூட இராது.

ஆனால் அந்தச் சிலிக்கானுக்குத்தான் இன்று புது மதிப்பு பிறந்திருக்கிறது. லித்தியம் பாட்டரியைச் சார்ஜ் செய்யும்போது லித்தியத்தைத் தாங்கி வைப்பது கிராபைட் என்னும் கரி. பென்சிலில் இருப்பதும் அதுவே. எடைக்கு எடை பார்த்தால் சிலிக்கான் சுமார் பத்து மடங்கு தாங்க வல்லது. ஆனால் லித்தியம் ஏறினால் மூன்று மடங்கு பருத்து, வெடித்து நொறுங்கிவிடும். ஆகவே அதைக் கண்ணுக்குப் புலப்படாத துகளாக்கிக் கிராபைட்டுடன் கலக்கிறார்கள். பழைய தகட்டின் சிலிக்கானை அத்தகைய துகளாக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2022இல் அறிவித்தார்கள். குப்பை மூலப்பொருளாகிறது. விஞ்ஞானத்தின் இந்த வெற்றியை வரவேற்கிறோம்.

ஆனால் தகட்டைப் பிரிக்கப்போகும் கை யாருடையது? நம்முடையது! பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. பல தகடுகளின் பின்புறப் பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் நச்சுப்புகை கிளம்பும். வெள்ளியைப் பிரிக்க அமிலம் வேண்டும். மூடிய யந்திரமும், புகையை இழுக்கும் விசிறியும், கையுறையும் உள்ள ஆலையில் நடந்தால் இது நல்ல தொழில். கொல்லைப்புறத்தில் தினக்கூலிக்கு ஆள்வைத்து எரித்தால், லாபம் ஒருவனுக்கு, நோய் நமக்கு.

2023 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் தகடும் சேர்க்கப்பட்டது. பிரிக்கும் தொழிலாளரைப் பதிவு செய்வதும், அவர்கள் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் ஆண்டுதோறும் கண்காணிப்பதும் மாநில அரசின் பொறுப்பு என்று அவ்விதிகள் கூறுகின்றன.

ஏட்டிலுள்ள விதி தானாக இறங்கி வராது, தோழர்களே! பழுதான தகட்டை உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள். தகடு செய்து விற்றவனே அதன் முடிவுச் செலவையும் ஏற்கவேண்டும். பிரிக்கும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் ஏறவேண்டும். இந்தக் கோரிக்கையைச் சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் இன்றே எழுப்புவோம்!