வளர்ந்தவர்க்கும் துணை வேண்டும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கருவிலிருக்கும் சிசுவை மதுசாரம் தாக்கினால் அதன் மூளை பழுதுறுகின்றது. 1968இல் பிரான்சு தேசத்து வைத்தியர் லெமுவான் இதனை எழுதியபோது கவனித்தவர் சிலரே. 1973இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து வைத்தியர்களாகிய ஜோன்ஸ், ஸ்மித் என்போர் பெயர் சூட்டிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. குழந்தைகளைப்பற்றிப் பலரும் பேசிவிட்டனர். அக்குழந்தைகள் முப்பது வயதினராய் நிற்கும் நிலையையே நான் பேச எடுத்துக்கொண்டேன்.

பெரும்பாலோர் முகத்தில் யாதோர் அடையாளமுமில்லை. வாய் நிறையப் பேசுவர். ஆனால் நேற்றுக் கற்றது இன்று மறந்துபோகும். கையிற் காசு வந்தால் மாலைக்குள் கரைந்துவிடும். நினைவு விட்ட இடத்தைக் கற்பனை நிரப்பும். கேட்டவர் 'பொய்யன்' என்பர். எதிரே நிற்பவரை மகிழ்விக்கத் தலையாட்டும் சுபாவத்தால், செய்யாத குற்றத்தைப் பொலிசாரிடம் ஒப்புக்கொள்வோருமுண்டு.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆன் ஸ்ரைஸ்கூத் அம்மையார் 1996இல் வெளியிட்ட ஆய்வு 415 பேரைப்பற்றியது. அவர்களுள் வயதுவந்தோரில் நூற்றுக்கு 80 பேரளவில் தனித்து வாழ இயலாதிருந்தனர். எனினும் பலருடைய நுண்ணறிவு ஈவு 70க்கு மேல். ஆகவே அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கான அரசாங்க உதவி பல இடங்களில் அவர்களுக்கு எட்டவில்லை. 71 வாங்கியவன் வாடகைக் கணக்கைத் தானே பார்ப்பான் என்று எந்தப் புத்திசாலி கண்டானோ!

இத்துறையில் 'வெளிமூளை' என்றொரு சொல் வழங்குகின்றது. பார்வையற்றவர்க்குக் கோல்போல, இவர்களுக்கு அருகிருக்கும் ஒருவரின் நினைவும் நிதானமும். ஒரு வேளைக்கு ஒரு வேலையே சொல்லல். செய்யவேண்டியதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டல். நாடோறும் ஒரே ஒழுங்கு. சம்பளத்தைச் சிறிது சிறிதாய்க் கையிற் கொடுத்தல். அமெரிக்காவிலே, உதவிப்பணத்தை அவர்பொருட்டுப் பெற்றுச் செலவிட ஒருவரை நியமிக்கச் சட்டத்திலேயே இடமுண்டு. தண்டித்துத் திருத்தலாமென்பது வீண். முறையை மாற்றவேண்டுமேயன்றி ஆளை நெருக்கிப் பயனில்லை.

"தன் காலில் நிற்கப் பழக்குங்கள்" என்று சுற்றத்தார் புத்தி சொல்வர். அவர் நன்றாக நடக்கிறாரே என்று துணையை நீக்குவர். சில மாதத்தில் வேலையும் வீடும் போய்விடும். துணை இருந்தபடியாலன்றோ நன்றாக நடந்தார்!

தாயைப் பழிப்போருக்கும் ஒரு வார்த்தை. கருவுற்றதை அறியாமுன் குடித்தோருளர். எச்சரிப்பாரில்லாக் காலத்துக் குடித்தோருமுளர். மதுப்போத்தலில் எச்சரிக்கை அச்சிடும் சட்டம் அமெரிக்காவிலேயே 1988இற்றான் வந்தது.

தாய்க்கு எழுபது வயதாகையில் மகனுக்கு நாற்பது. வாடகை நாள், மருந்து வேளை, அவரை மிரட்டும் ஓசை, அவர் நம்பும் அயலவர் யாவும் அவள் தலைக்குள் மட்டும் இருத்தலாகாது. கொப்பியொன்றில் எழுதிவைத்தல் வேண்டும். தம்பியோ மருமகளோ மாதத்தில் இரண்டு நாளாவது அப்பொறுப்பை ஏற்றுப் பழகவேண்டும், அவள் இருக்கும்போதே.