படகின் தளமும் பால்வெட்டும் கையும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று பரிசு பெறும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். பரிசுப் பட்டியலைப் பார்த்தேன். கணிதத்துக்கு உண்டு, மொழிக்கு உண்டு, ஓட்டப் பந்தயத்துக்கும் உண்டு. கைவேலைக்கு மட்டும் இல்லை. ஆகவே கைவேலை ஒன்றைப் பற்றியே பேசலாம் என்று வந்தேன். வெயிலில் வெளுத்துப்போன சிறு பாய்மரப் படகின் மரத்தளத்தைப் புதுப்பிக்கும் வேலை அது. "என்ன சார், தோட்டத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

நம் நாட்டில் கோலத் திரெங்கானுவில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பூலாவ் டூயோங் என்றொரு தீவு உண்டு. அங்கே மலாய்த் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக மரப்படகு கட்டி வந்திருக்கிறார்கள். வரைபடம் கிடையாது, அளவெல்லாம் மனசுக்குள். வெளிப்பலகைகளை மர ஆணிகளால் ஒன்றோடொன்று சேர்த்த பிறகே உள்சட்டங்களை வைப்பார்கள். பலகைகளுக்கு நடுவே கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்குவார்கள். சிங்கப்பூரின் கம்போங் கிளாமுக்குப் பெயர் தந்த மரம் இதுதான். படகுக்கு உகந்தது செங்கால் மரம். நம் பால்மரப் பலகை மேசை நாற்காலிக்கு நல்லது. மழையில் கிடந்தால் பூஞ்சையும் பூச்சியும் விடாது.

செங்காலோ தேக்கோ, எதுவானாலும் வெயிலுக்குத் தப்ப முடியாது. மரத்தின் நார்களைப் பசைபோல் பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது சாம்பல் நிற நார். பார்ப்பவர்கள், "மரம் செத்துப்போச்சு, தூக்கி எறி" என்பார்கள். சாகவில்லை ஐயா! அந்த நரை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. கீழே பழைய நிறம் அப்படியே இருக்கும்.

முதலில் திருப்புளி முனையால் அங்கங்கே குத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் வெறும் நரை. பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கினால் மக்கல். அந்த இடத்தை வெட்டி வேறு மரம்தான் வைக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரும் மெதுவான பிரஷும் கொண்டு, மரத்தின் ரேகைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். ரேகையோடு தேய்த்தால் மிருதுவான பாகம் பெயர்ந்து மேடும் பள்ளமுமாகிவிடும். ஆணித் துருவால் வந்த கறுப்புக் கறையை ஆக்சாலிக் அமிலம் எடுக்கும். அது விஷம், கையுறை வேண்டும், பிள்ளைகள் தொடக்கூடாது. அடுத்து பலகைச் சந்துகளில் உதிர்ந்த பழைய அடைப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேலே மெருகு போடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் உள்ளே நின்று அடியிலிருந்து அழுகும். வேறென்ன நடக்கும்?

நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாள். முதலில் 80 நம்பர், பிறகு 120, இப்போது ரேகையோடு. அவசரக்காரன் கெடுப்பது இங்கேதான். தேய்க்கத் தேய்க்கப் பலகை மெலியும். போன மரம் திரும்பி வராது. நரை போனதும் கை நிற்க வேண்டும்.

பால் வெட்டிய அண்ணன்மார்களே, அக்காமார்களே, இது உங்களுக்குப் புதிதா? விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், உள்மரத்தில் காயம் படாமல் பட்டை சீவியவர்கள் நீங்கள். கூடினால் மரம் காயம், குறைந்தால் பால் இல்லை. ஒரு மில்லிமீட்டர் கணக்கைக் கை அறிந்திருந்தது. அதைப் 'படிக்காதவன் வேலை' என்று நம் வீட்டிலேயே சொல்லி, பிள்ளை உளியைத் தொட்டால் பிடுங்கி வைக்கிறோம். எனக்கு இதில் சம்மதம் இல்லை. பிள்ளை பரீட்சை எழுதட்டும், இதையும் கற்கட்டும்.

இனி மெருகு. நடக்கும் தளத்துக்கு வார்னிஷ் கூடாது, ஈரத்தில் வழுக்கும். வெறும் மரம்தான் காலைப் பிடிக்கும். கைப்பிடிச் சட்டங்களுக்குப் போடலாம். முதல் பூச்சைத் தின்னர் கலந்து தண்ணீராக விட்டால் மரம் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் லேசாகத் தேய்த்து அடுத்த பூச்சு, இப்படி ஐந்தாறு. நம் ஊரில் பனி உலர்ந்த காலை நேரமே நல்லது. உச்சி வெயிலில் குமிழ் விடும், மாலையில் மழை வரும்.

பள்ளிக்குப் பின்னால் நான்கு பழைய பெஞ்சுகள் நரைத்துக் கிடக்கின்றன. குத்திப் பார்த்தேன், மூன்று கெட்டி. வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு வாருங்கள், உப்புத்தாள் நான் வாங்கி வைக்கிறேன். பெஞ்சுக்கு எண்ணெய்ப் பூச்சுதான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வாளியில் தண்ணீர் வைத்திருப்பேன், அதில் போடலாம்.